தாது வருஷத்து வானம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பந்தி உட்காரும்போது பிள்ளைகளில் யாரேனும் சோற்றைக் கண்ட மாத்திரத்தில் நிதானம் இழந்து அள்ளி அள்ளி விழுங்கினால், பரிமாறிக்கொண்டிருக்கும் பாட்டி கரண்டியை நிறுத்திவிட்டு, "தாது வருஷத்துப் பஞ்சத்திலே பொறந்தவனாட்டம் ஏண்டா இப்படிப் பறக்கிறே?" என்று கேட்பாள். தாது வருஷம் என்பது ஏதோ ஒரு பிசாசின் பெயர் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பாட்டியும் அந்தப் பஞ்சத்தைக் கண்டவள் அல்லள். அவளுடைய தாயார் சிறுமியாக இருந்தபோது கண்டது. பாட்டியின் வசவு வழியாக என் காலம் வரையில் வந்து சேர்ந்த அந்த வருஷத்தின் உண்மைக் கதையைப் புத்தகங்களில் தேடிப் படித்தபோதுதான், மழை என்பது வானத்திலிருந்து மட்டும் பெய்வதன்று, கதையிலும் பத்திரிகையிலும் ராஜாங்கத்துக் கடிதப்போக்குவரத்திலும் அது வேறு வேறு விதமாகப் பெய்கிறது, வேறு வேறு விதமாகப் பொய்க்கிறது என்பது எனக்கு விளங்கிற்று.

பிரபவ முதல் அட்சய வரையில் சுழன்று வரும் அறுபது ஆண்டுகளில் பத்தாவது தாது. நாம் பேசும் தாது வருஷம் 1876ஆம் ஆண்டு சித்திரையில் பிறந்தது. அவ்வருஷம் தென்மேற்குப் பருவமழை தக்காணத்தில் ஏமாற்றியது. ஐப்பசி கார்த்திகையில் வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. அடுத்த ஈசுவர வருஷத்திலாவது ஆடிக்காற்றோடு மழை வரும் என்று விதைநெல்லைக் காத்துக் கிடந்தவர்களை அதுவும் கைவிட்டது. 1877ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மழை திரும்பியபோது பல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் முதலிய ஜில்லாக்களிலும் மைசூர் ராஜ்யத்திலும் ஊர் ஊராக வீடுகள் வெறிச்சிட்டுக் கிடந்தன. தென்னிந்தியாவில் மாண்டோர் தொகை 50 லட்சத்துக்குக் குறையாது என்பது பிற்காலத்துக் கணக்குகள் பலவற்றின் முடிவு.

அந்தப் பஞ்சத்தின் ஞாபகச்சின்னம் ஒன்று சென்னை மாநகரின் நடுவே இன்றும் கிடக்கிறது. பறக்கும் ரயிலில் மயிலாப்பூர்ப் பக்கம் போகிறவர்கள் கீழே குனிந்து பார்த்தால், தூண்களுக்கு நடுவே கறுத்துத் தேங்கிய ஒரு நீர்ப்பாதை தெரியும், மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதுதான் பக்கிங்காம் கால்வாய். வடக்கே பெத்தகஞ்சத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரையில் ஏறக்குறைய 420 கிலோமீட்டர் கடலோரமாக ஓடிய அந்த நீர்வழியில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 5 மைல் நீளத் துண்டு, 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பட்டினியால் நகரத்துக்கு வந்து சேர்ந்த குடியானவர்கள். பெயர் கிடைத்ததோ அப்போது சென்னை கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனுக்கு.

மழை பொய்த்தால் குற்றம் யாருடையது? நம் முன்னோர்க்கு இக்கேள்வியில் சந்தேகமே இருந்ததில்லை. அரசன் கோல் கோடினால் வானம் பெய்யாது என்று வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இந்திர விழாவை மறந்த குற்றத்துக்காகப் புகார் நகரைக் கடல் கொண்டதாக மணிமேகலை கூறும். பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் வந்தபோது, தன்னால் புரக்க இயலாத புலவர்களை அரசன் வெளியூருக்கு அனுப்பிவைத்தான் என்ற இறையனார் களவியல் உரையின் வரலாற்றிலேகூட, காரணம் கூறப்படாவிட்டாலும், பொறுப்பு யாருடையது என்பது கூறப்பட்டே இருக்கிறது. பஞ்சம் வந்தால் மனிதர்க்குப் பதில் சொல்ல வேண்டியவன் அரசன். பழங்கதையின் வானிலை சாஸ்திரம் தவறாக இருக்கலாம். ஆனால் வானத்துக்கும் நியாயத்துக்கும் இடையே ஒரு சம்பந்தம் உண்டு என்பதை அந்தக் கதைகள் விட்டுக்கொடுக்கவில்லை.

தாது வருஷத்துக்கு வரும்போது காட்சி மாறிவிடுகிறது. இங்கே கதை சொல்ல வந்தவன் புலவன் அல்லன், பத்திரிகைக்காரன். 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, பஞ்சத்தின் நாளாந்த நடப்பை விடாமல் எழுதியதோடு நில்லாமல் நிவாரண நிதியின் கௌரவ காரியதரிசியாகவும் இருந்து, 1878இல் அவ்வளவையும் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். சென்னைக் கடற்கரையில் கப்பல்களிலிருந்து இறக்கிய தானிய மூட்டைகள் மலை மலையாகக் குவிந்து கிடந்ததையும், இரைந்து சிந்திய மணிகளைப் பொறுக்க ஏழைகள் மண்ணைத் துழாவியதையும் நாம் அறிவது இவர் போன்றவர்களால்தான். தானியம் இல்லாமையால் அன்று, தானியத்தை வாங்கக் காசு இல்லாமையால் ஜனங்கள் செத்தார்கள் என்ற உண்மை அந்தக் கடற்கரைக் காட்சி ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக நின்றவர்களை வரிசையாக உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்தார். படமெடுத்த கையால் அவர் ஒரு பிடி சோறு போட்டாரா என்று அந்நாளிலேயே கேட்டவர்கள் உண்டு. இயற்கை உற்பாதங்களைப் படம்பிடிக்கும் செய்தித்துறைக்கு அக்கேள்வி இன்றளவும் பழசாகவில்லை.

இதே சமயத்தில், 1877 ஜனவரி முதல் தேதியன்று, விக்டோரியா ராணியை இந்தியச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்ய ராஜப்பிரதிநிதி லிட்டன் பிரபு டில்லியில் தர்பார் நடத்தினார். தர்பார் முடிந்ததும் ரிச்சர்ட் டெம்பிள் என்ற உயர்தர உத்தியோகஸ்தர் சென்னை ராஜதானிக்கு அனுப்பப்பட்டார். இவருடைய கதை விசித்திரமானது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைத் தாராளமாக வரவழைத்து, மிகச் சொற்பமான உயிர்ச்சேதத்தோடு ஜனங்களைக் காப்பாற்றியவர் இவரே. அதற்காக, பொக்கிஷத்தைப் பாழாக்கினார் என்று ஏச்சும் வாங்கியவர். அந்த ஏச்சின் தழும்போடு தெற்கே வந்தவர், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அந்த ஆகாரம் உழைக்கும் உடம்பைத் தாங்காது என்று சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். பத்திரிகைகளில் பெரும் விவாதம் நடந்தது. பல மாதம் கழித்தே கூலி சற்று உயர்ந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

அரசன்மீது பழி விழவேண்டிய இந்தக் கட்டத்தில்தான் விஞ்ஞானம் மேடையேறியது. வங்காள சிவில் சர்வீஸைச் சேர்ந்த டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர், சென்னையில் 1813 முதல் அளந்து வைத்திருந்த மழைக்கணக்கை எடுத்துக்கொண்டு, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் பதினோராண்டுக்கொரு முறை குறையும்போதெல்லாம் தென்னாட்டில் மழையும் குறைகிறது என்று 1877இல் எழுதினார். பெயர்பெற்ற வானசாஸ்திரி நார்மன் லாக்யர் அவரோடு சேர்ந்துகொண்டார். ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் இன்னும் ஒரு படி மேலே சென்று, சூரியப் புள்ளி குறைந்தால் இந்தியாவில் விளைவு குறையும், விளைவு குறைந்தால் இங்கிலாந்தில் வியாபாரம் நொடிக்கும் என்று சங்கிலி கோத்தார். இவர்கள் யாரும் கபடமாக எழுதியவர்கள் அல்லர். ஏராளமான எண்களோடு மெய்யாகவே போராடியவர்கள். ஆயினும் விளைந்த பயன் ஒன்றுண்டு. பஞ்சத்துக்குக் குற்றவாளி ஒன்பது கோடி மைலுக்கு அப்பால், சம்மன் அனுப்ப முடியாத இடத்தில் இருந்தால், கூலியைக் குறைத்தவனைக் கூண்டில் ஏற்றுவது யார்?

உண்மைக் காரணம் வெளிப்பட இன்னும் ஏறத்தாழ நூறு வருஷம் ஆயிற்று. 1875இல் ஸ்தாபிக்கப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, பஞ்ச காலத்துக் காற்றழுத்தக் கணக்குகளைத் தூர தேசங்களிலிருந்தெல்லாம் வரவழைத்துப் பார்த்து, சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரையில் அழுத்தம் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்ததைக் கண்டு வியந்தார். அவருக்குப் பின் 1904இல் அப்பதவிக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். குமாஸ்தாக்களைக் கொண்டு உலகத்து வானிலைப் பதிவேடுகளையெல்லாம் கையாலேயே கூட்டிக் கழித்து, பசிபிக் சமுத்திரத்தின்மேல் அழுத்தம் ஏறினால் இந்து மகாசமுத்திரத்தின்மேல் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்ற ஏற்றப்பலகை விளையாட்டைக் கண்டுபிடித்து, 1924இல் அதற்குத் தென் அலைவு என்று பெயர் கொடுத்தார். (சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தை 1913இல் பார்த்து, இவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுங்கள் என்று சர்வகலாசாலைக்கு எழுதியவர் இதே வாக்கர்தான். மழையைத் தேடிவந்த மனிதர் அதனினும் அபூர்வமான ஒன்றைக் கண்டெடுத்தார்.)

ஏற்றப்பலகையின் அச்சு எங்கே இருக்கிறது என்பதை வாக்கர் அறியவில்லை. அதைத் தங்களை அறியாமலே அறிந்திருந்தவர்கள் பெரு தேசத்துச் செம்படவர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் குளிர்ந்த கடலுக்குள் வெந்நீர் ஒழுக்கு ஒன்று வருவதையும், அப்போது மீன்பாடு குறைவதையும் கண்டு, குழந்தை இயேசுவை நினைத்து அதை 'எல் நினோ' என்று அழைத்து வந்தார்கள். அந்த வெந்நீரும் வாக்கரின் அலைவும் ஒன்றின் இரண்டு முகங்கள் என்று 1969இல் விளக்கியவர் பியர்க்னெஸ் என்ற நார்வேக்காரர். இன்றைய ஆராய்ச்சி சொல்வது இது: 1870 முதல் 1876 வரையில் பசிபிக்கின் மத்திய ரேகைப் பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்து கிடந்தது, அப்படிக் குளிர்ந்திருக்கும்போது நம் வடகிழக்குப் பருவமழை இளைப்பது சகஜம், அதன்பின் 1877இல் அதே கடல் திடீரென்று கொதித்து, பதிவில் உள்ள மிக வலுத்த எல் நினோக்களுள் ஒன்றாக மாறி, தென்மேற்குப் பருவமழையை அடித்துப்போட்டது. நம்மை மட்டுமா? வடசீனத்தில் ஒரு கோடியளவில் ஜனங்கள் மாண்டார்கள். பிரேசிலின் வடகிழக்கிலுள்ள சேயாரா மாகாணம் வறண்டு வெடித்தது. ஒரே கடலின் ஒரே ஜுரம் மூன்று தேசங்களில் கொள்ளை கொண்டது. சேலத்துக் குடியானவனுக்குச் சேயாராவின் பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் தன் துக்கத்துக்கு அங்கே ஒரு சகோதரன் இருப்பதை அறிந்திருப்பான்.

சேயாராவை நான் வேண்டுமென்றே குறிப்பிட்டேன். ரியோ நகரத்துப் பத்திரிகை ஒன்று, பஞ்சத்தைப் பார்த்து எழுத 1878இல் ஜோஸே தோ பத்ரோசீனியோ என்ற இளைஞரை அங்கே அனுப்பிற்று. அடிமை ஒழிப்புக்குப் போராடிப் பிற்காலத்தில் பெரும்பெயர் பெற்றவர் அவர். கண்டதைச் செய்தியாக எழுதிய பிறகும் அவர் மனம் ஆறவில்லை. 1879இல் 'ஓஸ் ரெத்திரான்தேஸ்' என்ற நாவலை வெளியிட்டார். அத்தலைப்பை அப்படியே தமிழாக்க நமக்கு ஒரு பழந்தொடர் கைவசம் இருக்கிறது: 'பஞ்சம் பிழைக்கப் போனவர்கள்'. அன்று தொடங்கி, வறட்சியின் கதை என்பது பிரேசில் இலக்கியத்தில் ஒரு தனி மரபாகவே வளர்ந்துவிட்டது. 1930இல் ரஷேல் தெ கெய்ரோஸ், 1938இல் கிராசிலியானோ ராமோஸ் என்று அந்தத் தேசத்தின் தலைசிறந்த எழுத்தாளர்கள் அதே காய்ந்த மண்ணுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். அதே 1879ஆம் ஆண்டில்தான் தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது. ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை, பஞ்சத்தைப் பாராதவர் அல்லர். மாயூரத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தவர். அந்தத் தருமத்தைக் கண்டு உருகி கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனம் பாடினார் என்பது கர்ணபரம்பரை. அப்படிப்பட்டவர் அந்த வருஷத்தில் வெளியிட்ட வசன காவியமோ சிரிப்பும் நல்லுபதேசமும் நிறைந்த விநோதக் கதை. அதை அவர் முன்னரே எழுதி வைத்திருந்தார் என்பாரும் உண்டு. ஆகையால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்நாளில் நம்மவர் கண்ணுக்கு நாவல் என்ற புதுப் பாத்திரம் கல்யாணத்துக்கு உரிய வெள்ளிக் கிண்ணமாகப் பட்டதே தவிர, கஞ்சித்தொட்டியில் நீட்டும் மண்கலயமாகப் படவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கலயம் வேறிடத்தில் இருந்தது. கும்மியும் சிந்துமாகப் பஞ்சப் பாட்டுகள் சிறு பிரசுரங்களாக வந்து சந்தைகளில் விற்றன. சிவகங்கைச் சீமையின் வில்லியப்ப பிள்ளை, 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்று ஒரு பெரும் பரிகாச காவியமே செய்தார். பஞ்சத்தால் நொந்த ஜனங்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, என்னால் ஆவதற்கில்லை என்று கைவிரித்த சுவாமி, சிவகங்கை ஜமீன்தாருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தனுப்புகிறார் என்பது அதன் கட்டுக்கோப்பு. இந்தக் கற்பனையின் கூர்மையைக் கவனியுங்கள். அரசன் தவறினால் வானம் தவறும் என்ற பழைய தர்மத்தைத் தலைகீழாக்கி, வானத்துக்கு அதிபதியானவரே ஒரு மனிதனுக்கு விண்ணப்பம் போடும்படி செய்துவிட்டார் புலவர். சூரியப் புள்ளியைவிடச் சொக்கநாதரின் கடிதம் உண்மைக்கு அணுக்கமாக வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். சோறு போடவேண்டியவர் யார் என்பதை அது மறக்கவில்லை.

ஊரைவிட்டுப் போனவர்களின் கதை இன்னும் தாமதித்தே தமிழுக்கு வந்தது. தாது வருஷத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர் கூட்டம் முந்தைய ஆண்டுகளைவிட வெகுவாகப் பெருகிற்று. அந்தத் தோட்டங்களின் நரகத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் எழுதியபோது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. வானிலையின் விளைவு மேகத்தோடு கலைந்துவிடுவதில்லை. மனிதர்களோடு பிரயாணம் செய்கிறது.

வானிலையும் கற்பனையும் என்று பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் சொல்லும் கதை ஒன்றுண்டு: 1815இல் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது, அதன் கந்தக மூட்டம் பரவி மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடை வராமற்போனது, ஜெனிவா ஏரிக்கரையில் மழைக்கு அடைந்து கிடந்த இளம்பெண் மேரி ஷெல்லி 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதத் தொடங்கியது. நல்ல கதைதான், அடிக்கடி சொல்லப்பட்டுவிட்டதால் இங்கே விரிக்கவில்லை. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த அம்மையாருக்குத் தம் ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையின் காரணம் தெரியாது. அன்றைய பத்திரிகைகளுக்கும் தெரியாது. காரணம் தெரியாமலே எழுதியவர்கள் அவர்கள். நம் நிலைமை நேர்மாறானது.

கரியமில வாயு பெருகினால் பூமி சூடேறும் என்று ஸ்வீடன் தேசத்து அர்ரேனியஸ் 1896இலேயே கணக்கிட்டுச் சொன்னார். சூடேறிக்கொண்டே வருகிறது என்று 1938இல் காலண்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வெப்பமானிப் பதிவுகளைக் கொண்டு காட்டினார். 1958இல் சார்லஸ் கீலிங், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் காற்றை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டு, அளவெடுக்கத் தொடங்கிய நாள்முதல் இதுவரை கண்ட ஆண்டுகளிலெல்லாம் வெப்பம் மிகுந்தது. யந்திர யுகத்துக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் ஒன்றரை டிகிரி அதிகம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்த மனிதன் செய்த வேலை இது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இப்போது தர்க்கம் இல்லை. வள்ளுவர் காலத்துச் சம்பந்தம் திரும்பி வந்துவிட்டது: மனிதன் செய்யும் காரியத்துக்கும் வானம் நடந்துகொள்ளும் விதத்துக்கும் முடிச்சு உண்டு. இம்முறை அதற்கு அளவுகோலும் இருக்கிறது.

ஆனாலும் முடிச்சு நேரானதன்று. வானிலை என்பது இன்று என்ன நடக்கிறது என்பது; பருவநிலை என்பது முப்பது ஆண்டுகளின் சராசரி. பத்திரிகையோ இன்றைய சம்பவத்தை இன்றே சொல்லி இன்றே முடிக்கவேண்டிய தொழில். சராசரிக்குத் தேதி இல்லை, இடம் இல்லை, படம் எடுக்க முகம் இல்லை. ஆகவே தலைப்பு எழுத வாய்ப்பும் இல்லை. பெருமழை ஒன்று பெய்தால் மட்டும், ஒளிந்திருந்த சராசரி வெளியே வந்துவிட்டதுபோல் எல்லோரும் அதன் பெயரைச் சொல்லிக் கூவுகிறார்கள். அப்படிக் கூவுவது எப்போது சரி, எப்போது தவறு என்று நிறுத்துப் பார்க்கிற புதிய சாஸ்திரமும் இப்போது வளர்ந்திருக்கிறது. மனிதன் சூடேற்றாத பூமியில் இந்த மழை, இந்த வெயில் எவ்வளவு அபூர்வமாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, நிஜத்தோடு ஒப்பிடுகிறார்கள். 2022 வசந்தத்தில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலை, பூமி சூடேறியதால் சுமார் முப்பது மடங்கு நிகழக்கூடியதாக ஆயிற்று என்றார்கள். 2024 ஜூலையில் வயநாட்டு மலையைச் சரித்த மழை, அதனால் பத்தில் ஒரு பங்கு கனத்தது என்றார்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி சென்னையில் பெய்த மழைக்கும் அவ்வாறே கணக்கிட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தமிழ்நாட்டில் அந்தப் பருவத்து வெள்ளங்களில் மாண்டோர் நானூறு பேருக்கு மேல். மறுநாள் 'தி ஹிந்து'வின் சென்னைப் பதிப்பு வெளிவரவில்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. தாது வருஷத்துப் பஞ்சம் ஓய்ந்த 1878இல் பிறந்த அந்தப் பத்திரிகை, மழையால் அச்சாகாமற்போனது அதுவே முதன்முறை என்று அப்போது எழுதினார்கள். வெள்ளத்துக்குப் பருவநிலை மாற்றமே காரணம் என்று மேடைதோறும் முழங்கிற்று. சர்வதேச விஞ்ஞானிகள் குழு 2016இல் வெளியிட்ட முடிவோ வேறு: அந்த மழையில் புவி வெப்பத்தின் தெளிவான தடயம் எதையும் காண இயலவில்லை, அவ்வாண்டின் வலுத்த எல் நினோ மழைக்குத் துணைசெய்திருக்கலாம், காற்றிலுள்ள மாசு வங்கக் கடலின் மேற்குப் பகுதியைச் சூடேறாமல் மறைத்திருக்கவும் கூடும். இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை இன்னும் வெளிப்படையாக, வெள்ளம் மனிதர் செய்த கேடு என்றே சொல்லிவிட்டது. ஏரியில் வீடு கட்ட அனுமதித்தது யார், செம்பரம்பாக்கத்தை எப்போது திறந்தார்கள், தூர்ந்துபோன கால்வாய்களைத் தூர்வாராதது ஏன் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரே வார்த்தையில் பதில் கிடைத்தால் யாருக்குத்தான் சௌகரியமாக இராது? அன்று சூரியப் புள்ளி. இன்று பருவநிலை மாற்றம். முன்னது பொய், பின்னது மெய். ஆனால் மெய்யையும் சாக்காக்கிக் கொள்ளலாம் என்பதை உத்தியோக உலகம் விரைவில் கற்றுக்கொண்டது.

கதையாசிரியன் இங்கே என்ன செய்ய முடியும்? அமிதவ் கோஷ் தம் வாலிபத்தில், 1978 மார்ச் 17ஆம் தேதி, டில்லித் தெருவொன்றில் சுழற்காற்றின் நடுவே சிக்கித் தப்பினார். டில்லியில் சுழற்காற்று வீசுவது கேள்விப்படாத விஷயம். பல நாவல்கள் எழுதிய பிறகும் அந்த அனுபவத்தை ஒரு நாவலிலும் வைக்கத் தம்மால் முடியவில்லை என்று 2016இல் எழுதிய நூலொன்றில் ஒப்புக்கொள்கிறார். நிஜத்தில் நடந்ததைக் கதையில் வைத்தால் வாசகன் நம்பமாட்டான். ஏனென்றால் நவீன நாவல் அன்றாடத்தில் நடக்கக்கூடியதை மட்டுமே அனுமதிக்கிறது என்பது அவர் வாதம். மேல்நாட்டில் சிலர் இந்தத் தயக்கத்தை உதறிவிட்டார்கள். கிம் ஸ்டான்லி ராபின்ஸன் 2020இல் வெளியிட்ட நாவல், உத்தரப்பிரதேசத்து ஊரொன்றில் வியர்வையும் ஆறாத புழுக்கத்தில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மடியும் காட்சியோடு தொடங்குகிறது. துணிச்சலான தொடக்கம். எனினும் படித்து முடித்தபின், நம் ஊர்ப் பிணங்கள் பிறர் மேசைமேல் விவாதத்துக்கு வைத்த உதாரணங்களாகிவிட்டனவோ என்ற சிறு வருத்தம் எனக்கு மிஞ்சியது.

கோஷின் வாதத்தை நான் முழுதும் ஒப்பவில்லை. அசாதாரணமான வானிலையை எழுதப் புயலையும் சுழற்காற்றையும்தான் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973இல் வந்தது. மழை ஏன் பெய்யவில்லை என்று அந்நாவலில் யாரும் விசாரம் செய்வதில்லை; மேகத்தை வருணிப்பதில்லை. சென்னைச் சந்து ஒன்றில் ஜமுனா என்ற பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். அடிகுழாய் காற்றை உமிழ்கிறது. வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு குடம் தண்ணீருக்காக மனிதர் மனிதரிடம் எவ்வளவு சிறுத்துப் போகிறார்கள் என்பதை அது அளந்து காட்டுகிறது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசைகட்டி நின்ற படங்கள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளிவந்தன. அந்தப் படங்களில் இல்லாத வீட்டுக்காரியின் முகம் நாற்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய நாவலில் இருக்கிறது. குற்றத்தைச் சூரியனுக்கும் அனுப்பாமல், பூமண்டலம் முழுவதற்கும் பங்கிட்டுக் கரைத்தும் விடாமல், இந்தத் தெருவில் இந்த வாசலில் நிறுத்திவைக்கத் தெரிந்த கதை அது. தூர்ந்த கால்வாயைப் பற்றி, திறந்த மதகைப் பற்றி அப்படியொரு தமிழ் நாவலுக்காக நான் காத்திருக்கிறேன்.

தாது வருஷம் அதற்குப் பின் இரண்டு முறை வந்து போயிற்று. 1936இல் ஒரு முறை, 1996இல் ஒரு முறை. இன்று பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் நடுவயதைக் கடக்கும் தறுவாயில், 2056ஆம் ஆண்டு சித்திரையில், அது மறுபடியும் பிறக்கும்.